ஜெஸ்மின் பாடிய தட்டு

டோர்ட்முண்ட்
12.01.2025

அன்புள்ள சின்னம்மாவுக்கு,

மைக்கல் எழுதுகிறேன். இங்கே பனியும் குளிரும். மற்றபடி நாங்கள் மூவரும் சுகம். உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? திருகோணமலையில் விடாமல் மழை என்று செய்தியில் பார்த்தேன். அலுமாரிக்குள் ஈரம் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இசைத்தட்டுகளுக்காகத்தான் சொல்கிறேன், உங்களுக்குக் குடை இருக்கிறது.

வழக்கம்போலக் கடிதத்தைத் தட்டின் உறைக்குள் வைத்திருக்கிறேன். இந்த முறை வீணை. அறுபது வருடத்துக்கு முந்திய ஒலிப்பதிவு. மூலநாடாவைத் தேடிப் பிடித்து, இரைச்சலை நீக்கி, கனமான தட்டில் புதிதாக வெட்டியிருக்கிறார்கள். எனக்கொன்று, உங்களுக்கொன்று வாங்கினேன். ஞாயிறு பூசை முடிந்து வந்து கேட்டுவிட்டு எழுதுங்கள். என் அபிப்பிராயத்தை இப்போது சொல்லமாட்டேன். சொன்னால் வேண்டுமென்றே அதற்கு எதிராக எழுதுவீர்கள்.

இனி விசயத்துக்கு வருகிறேன். பழைய இசைத்தட்டுகளைத் துப்புரவாக்கி மறுபதிப்புப் போடும் என் சிநேகிதன் ஊவேயைப் பற்றி எழுதியிருக்கிறேன்தானே. கொழும்பில் காலமான ஓர் ஒலிப்பதிவாளரின் பிள்ளைகளிடம் அவன் ஒரு பெட்டி நிறைய நாடா வாங்கினான். அதில் ஒன்றின்மேல் ‘துறைமுக மெல்லிசைக் குழு, திருகோணமலை, 1978. பாடியவர் ஜெஸ்மின்’ என்று எழுதியிருக்கிறது.

அம்மாவின் தட்டு, சின்னம்மா. அதன் மூலநாடா. ஊவே படமெடுத்து அனுப்பியபோது நான் வேலையில் இருந்தேன். கடைசித் தரிப்பில் பஸ்ஸை நிறுத்திவிட்டு, வெறும் பஸ்ஸுக்குள் இருந்து அழுதேன்.

அம்மா போனபோது எனக்கு ஆறு வயது. அவருடைய முகம்கூட எனக்குப் படத்தில் பார்த்த முகம்தான். குரல் மட்டும், நீங்கள் அந்தத் தட்டைப் போட்டுப் போட்டுக் காட்டியதால், என்னிடம் மிஞ்சியது. நான் மறுபதிப்புகள் சேர்க்கத் தொடங்கியதே அதனால்தான். பழைய தட்டுகளுக்கு இவ்வளவு செய்கிறார்களே, என்றைக்காவது அந்தக் கீறல்களுக்கு அடியிலிருந்து அம்மாவையும் வெளியே எடுக்கலாம் என்று ஓர் ஆசை. செப்டெம்பரில் வெளியிட ஊவே சம்மதித்துவிட்டான்.

மகள் சுலக்ஷனா உங்களைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள்.

உங்கள் கையால் சோறு தின்று வளர்ந்த
மைக்கல்

*

லிங்கநகர், திருகோணமலை
09.02.2025

மகன் மைக்கலுக்கு,

மாதா காவலில் இங்கு எல்லாரும் சுகம். எல்லாரும் என்றால் நான் ஒருத்திதான். முழங்கால் தனக்கென்று ஒரு கடிதம் எழுதும் நிலையில் இருக்கிறது, அதை விடு. மழை தை முடிய விட்டுவிட்டது. அலுமாரியில் கரித்துண்டுகளைச் சீலையில் முடிந்து வைத்திருக்கிறேன். நூற்று நாற்பத்திரண்டு தட்டில் நாலின் உறையில்தான் பூஞ்சணம். அந்த நாலும் நான் பெரிதாக விரும்பாதவை.

வீணையை மூன்று ஞாயிறு கேட்டேன். துவைத்து வெளுக்கவில்லை, அது பெரிய காரியம். போன வருடம் நீ அனுப்பிய புல்லாங்குழலை அடித்துத் துவைத்திருந்தார்கள், வாசித்தவரின் மூச்சும் அழுக்கோடு போய்விட்டது. இதில் அப்படி இல்லை. இரண்டாம் பக்கத்தில் கம்பியை விடும்போது நகம் படுகிறது. அந்த நகத்துக்காகவே நீ கொடுத்த விலை தகும்.

மாடி யன்னலைத் திறந்துவிட்டுத்தான் கேட்டேன். அதிலிருந்து குடாவின் ஒரு துண்டு தெரியும் என்பது உனக்கு ஞாபகம் இருக்கும். மழைப்புகாருக்குள் நங்கூரம் போட்டிருந்த கப்பல் ஒன்று வீணையோடு மெல்ல நகர்ந்து போவது மாதிரி இருந்தது. தட்டு முடிந்தபின் பார்த்தால் அது நின்ற இடத்திலேயே நின்றது. படலைக்கு வெளியே மூன்று மான்கள், ஊர் மான்கள்தான், வாழைத்தோலுக்கு வந்தவை, தோலைத் தின்னாமல் நின்றன. நான் கனவு கண்டேனோ தெரியாது. மத்தியானச் சோறு கொஞ்சம் கூடிவிட்டது.

அம்மாவின் தட்டைப் பற்றி எழுதியிருந்தாய். உன்னிடம் ஒன்று இருக்கிறது, இங்கே ஒன்று இருக்கிறது, அது போதாதா? நாற்பத்தேழு வருடம் பெட்டிக்குள் கிடந்த நாடாவில் என்ன மிஞ்சியிருக்கப்போகிறது? ஊவே நல்ல பிள்ளையாகத் தெரிகிறான், அவனை இதில் அலைக்கழிக்காதே.

குளிருக்குக் காதை மூடிக்கொண்டு போ.

சின்னம்மா ஐவி

*

டோர்ட்முண்ட்
02.03.2025

அன்புள்ள சின்னம்மாவுக்கு,

உங்கள் கடிதம் சுகமாக வந்து சேர்ந்தது. எங்களுக்கும் குறை ஒன்றும் இல்லை. நகம் எனக்கும் கேட்டது. மான் கேட்கவில்லை.

நாடா நன்றாக இருக்கிறது. ஆனால் அது வேகமாக ஓடுகிறது என்று ஊவே சந்தேகப்படுகிறான். அன்றைக்குக் கோவிலின் பங்கு மண்டபத்தில் ஜெனரேட்டர் வைத்துப் பதிந்தார்கள் என்று நீங்கள் முன்பு சொல்லியிருக்கிறீர்கள். மின்சாரம் பலமில்லாமல் பதிவு இயந்திரம் மெதுவாக ஓடியிருந்தால், சரியான வேகத்தில் போடும்போது எல்லாம் விரைவாகவும் கீச்சென்றும் கேட்குமாம். அப்படியென்றால் நான் இவ்வளவு காலமும் கேட்டது அம்மாவின் சரியான குரலே இல்லை.

இதைச் சரிபார்க்க ஒரு வழிதான் இருக்கிறது. நாலு பாட்டிலும் கோவில் ஆர்மோனியம் வருகிறது. அது இன்னும் சாமான் அறையில் கிடக்கிறதா? அதன் நடு ‘ச’வை, ஒரேயொரு கட்டையை, நீளமாக வாசித்து, கோவில் பிள்ளை நிரோஷினியின் போனில் பதிந்து அனுப்புங்கள். அந்த ச-வோடு நாடாவை ஒப்பிட்டு ஊவே வேகத்தைச் சரியாக்குவான்.

பூசையில் உதட்டை மட்டும் அசைக்கிற உங்களிடம் போய் ச கேட்கிறேன் பாருங்கள். நான் வளர்ந்த காலம் முழுக்க நீங்கள் ஒரு வரி பாடி நான் கேட்டதில்லை. ஆனால் காது இருக்கிறது, எனக்கு அது போதும்.

அம்மா உண்மையில் எப்படிப் பாடினார் என்று கேட்கப்போகிறேன். நித்திரையே வரவில்லை.

அன்போடு காத்திருக்கும்
மைக்கல்

*

லிங்கநகர்
23.03.2025

அக்கா,

இது தபாலுக்குப் போகாத கடிதம். எழுதி உங்கள் தட்டின் உறைக்குள்ளேயே வைக்கப்போகிறேன். நீங்கள் இருக்கும் இடத்தில் சுகம் விசாரிக்கத் தேவையில்லை என்று சுவாமி பிரசங்கத்தில் சொல்லுகிறார். ஆனாலும் கேட்கிறேன், சுகமோ?

அன்றைக்கு நடந்தது தெரிந்தவர்கள் இப்போது யாரும் இல்லை. குழுவில் இருந்த மூன்று பேரும் போய்விட்டார்கள். கொழும்பிலிருந்து வந்தவர் உங்கள் பெயரை முன்கூட்டியே எழுதிக்கொண்டு போய் உறைக்கும் கொடுத்துவிட்டார். பங்குக் கோவிலில் பாடுகிறவர் நீங்கள்தானே. ஆனால் அன்று இரண்டு வரிக்குள் உங்களுக்கு மூச்சுப் போய்விட்டது. “எனக்கு ஏலாது ஐவி, நீ பாடு, நான் ஆர்மோனியப் பெட்டி வாசிக்கிறன்” என்றீர்கள். எனக்குப் பதினேழு வயது. நாலு பாட்டும் நான்தான் பாடினேன்.

தட்டு வந்தபோது உங்கள் பெயர் இருந்தது. கேட்டால் சின்னப்பிள்ளை பாடியது மாதிரி இருந்தது, அது ஆருடைய குரல் என்று பிடிக்க ஏலாது. நீங்கள் சிரித்துவிட்டு, அடுத்த தட்டில் உன் பெயரைப் போடுவிப்போம் என்றீர்கள். அடுத்த தட்டு வரவில்லை.

நீங்கள் எங்களை விட்டுப் போன கிழமை மகன் ஒரு வாய் தின்னவில்லை. எனக்கு வேறு வழி தெரியவில்லை, தட்டைப் போட்டேன். “இது ஆர், அம்மாவோ?” என்று கேட்டான். நான் “ஓம் ராசா, அம்மாதான்” என்றேன். எழும்பி வந்து தின்றான். அன்றிலிருந்து அவன் காதுபட நான் பாடியதில்லை. என்றைக்காவது பிடித்துவிடுவான் என்ற பயம். அவன் ஜெர்மனிக்குப் போன பிறகும் வாய் திறந்து பழக்கம் விட்டுப்போயிற்று.

இப்போது ச கேட்கிறான். வேகம் சரியானால் அது என் குரலாகிவிடும், என் குரல் அவனுக்குத் தெரியும். தாய் என்று அவன் வைத்திருப்பது அது ஒன்றுதான் அக்கா. அதையும் பறித்தால் அவன் இரண்டாம் முறை தாயில்லாப் பிள்ளையாவான், அதுவும் என் கையால்.

இன்னொன்றும் இருக்கிறது, உங்களுக்கு மட்டும் சொல்லுகிறேன். அது ஐவி பாடியது என்று ஒருவராவது ஒருமுறை சொல்ல வேண்டும் என்று எனக்கு ஆசை. அறுபத்து நாலு வயதில் வெட்கமாகத்தான் இருக்கிறது.

உங்கள் தங்கை
ஐவி

*

டோர்ட்முண்ட்
27.04.2025

அன்புள்ள சின்னம்மாவுக்கு,

உயிர்ப்பு ஞாயிறு வாழ்த்துகள், பிந்திப்போன வாழ்த்துகள். எட்டுக் கிழமையாக உங்களிடமிருந்து கடிதம் இல்லை. போனில் கேட்டால் “சுகம், சாப்பிட்டியா” என்று வைத்துவிடுகிறீர்கள். ஆர்மோனியத்தை விற்றுவிட்டார்களா? அப்படியென்றாலும் சொல்லுங்கள். ஊவே மற்ற வேலையெல்லாம் முடித்துவிட்டான். ஒரு ச-வுக்காகத்தான் காத்திருக்கிறோம்.

உங்களுக்குச் சுகமில்லை என்றால் ஆர்மோனியமும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம், அதை மட்டும் எழுதுங்கள்.

மைக்கல்

*

லிங்கநகர்
11.05.2025

மகன் மைக்கலுக்கு,

எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, பயப்படாதே. தவக்காலம், பிறகு பெருநாள், பிறகு சாமான் அறைத் திறப்பைக் காணவில்லை என்று நாள் போய்விட்டது. கச்சான் காற்றுத் தொடங்கிவிட்டது. கொடியில் போட்ட உடுப்பு பக்கத்து வளவில்தான் காய்கிறது. சந்தையில் மீன் விலை கேட்கவே பயம்.

ஆர்மோனியம் இருக்கிறது. மேலே பழைய சோடனைக் கடதாசிப் பூக்களும் ஒரு சம்மனசின் இறக்கையும். நிரோஷினிதான் இப்போது கோவிலில் கீபோட் வாசிக்கிறாள், அவளிடம்தான் திறப்பு. மிதித்ததும் முதலில் தூசி வந்தது, பிறகு சத்தம் வந்தது. அவளுடைய போனில் பதிந்து நேற்றே அனுப்பிவிட்டோம், உனக்குக் கிடைத்திருக்கும்.

நீ கேட்ட ச அதுதான். நன்றாகப் பார்த்துத்தான் அழுத்தினேன்.

வேறு விசேஷம் இல்லை. பிள்ளைக்கு முட்டை கொடு.

சின்னம்மா ஐவி

*

டோர்ட்முண்ட்
08.06.2025

அன்புள்ள சின்னம்மாவுக்கு,

சுகமாக இருக்கிறீர்கள் என்று கண்டதே சந்தோசம். உங்கள் ச வந்தது. ஒப்பிட்டுப் பார்த்தால் நாடாவோடு அச்சாகப் பொருந்துகிறது. வேகத்தில் ஒரு பிழையும் இல்லை. நான் கேட்டு வளர்ந்ததே அம்மாவின் குரல்தான். ஒரு பாரம் இறங்கிய மாதிரி இருக்கிறது.

ஊவேக்குத்தான் திருப்தி இல்லை. பாடுகிறவர் மூச்சை உள்ளே இழுக்கும் இடங்களை எனக்குப் போட்டுக் காட்டினான். இவ்வளவு சட்டென்று மூச்சிழுத்து இவ்வளவு விரைவாக அடுத்த வரியை எந்த மனிதராலும் பாட ஏலாது, இந்த ச-வில் ஏதோ பிழை இருக்கிறது என்கிறான். எனக்குக் கோபம் வந்துவிட்டது. என் சின்னம்மா எனக்குப் பிழையான ஒன்றைத் தந்ததே இல்லை, நீ அவரை அறியமாட்டாய் என்று சொல்லிவிட்டேன்.

இதற்குள் இருப்பது அச்சுக்கு முந்திய மாதிரித் தட்டு. நாற்பது வருடமாகக் கீறலோடு கேட்டதைக் கீறல் இல்லாமல் கேளுங்கள். செப்டெம்பர் முதல் கிழமை அச்சுக்குப் போகிறது. உறையில் அம்மாவின் படம், கீழே ‘பாடியவர் ஜெஸ்மின்’.

சுலக்ஷனா ஓயாமல் இதோடு சேர்ந்து பாடுகிறாள். பாடசாலையில் இவளுக்கு நல்ல குரல் என்கிறார்கள். அப்பம்மாவின் குரல்தான் உனக்கு என்று நானும் சொல்லி வைத்தேன். அதே உயரத்தில் பாட வேண்டும் என்று கத்திக் கத்தி இப்போது தொண்டை கட்டிப்போய்க் கிடக்கிறாள். வைத்தியர் இரண்டு கிழமை பாட வேண்டாம் என்றார். களவாகப் பாடுகிறாள்.

எப்போதும் உங்கள்
மைக்கல்

*

லிங்கநகர்
29.06.2025

மகன் மைக்கலுக்கு,

என் சுகத்தைக் கடைசியில் எழுதுகிறேன்.

இன்று பூசை முடிந்ததும் நிரோஷினியின் போனில் உனக்கு இன்னொரு ச அனுப்பினேன். முதல் அனுப்பியது பிழை, இதுதான் சரி என்று ஒரு வரியும் போட்டேன். போன் உடனே வரும், இந்தக் கடிதம் மூன்று கிழமை கழித்து வரும். அதற்குள் நீயே கேட்டுவிடுவாய். முகத்துக்கு நேரே சொல்லுகிற தைரியம் எனக்கு இல்லாதபடியால் இந்த ஒழுங்கு.

முதல் ச நான் கை தவறி அழுத்தியது இல்லை. அன்று வீட்டில் தட்டைப் போட்டு, அதில் ஆர்மோனியத்தின் ச எங்கே நிற்கிறது என்று பிடித்து, அந்த ஒன்றை மனதுக்குள் வைத்துக்கொண்டு கோவில்வரை நடந்தேன். வழியில் தெரிந்தவர்கள் கதைத்தார்கள், வாய் திறந்தால் தப்பிவிடும் என்று ஒருவருக்கும் பதில் சொல்லவில்லை. போய்ப் பார்த்தால் அதற்குப் பொருந்தியது ச இல்லை, அடுத்த வெள்ளைக் கட்டை. அதைத்தான் அனுப்பினேன். ஊவேயின் காது நல்ல காது. நீ அவனிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும், என் சார்பிலும் கேள்.

அந்தத் தட்டில் பாடியது அம்மா இல்லை மகன். நான். அம்மாவுக்கு அன்று ஏலாமல் போயிற்று, அவர் ஆர்மோனியம் வாசித்தார். பெயர் முன்னமே எழுதிக் கொடுத்தாயிற்று. ஆறு வயதில் நீ தின்னாமல் கிடந்தபோது அது அம்மா என்று நான் சொன்னேன். பிறகு அதைத் திருத்த ஒரு நாளும் வாய் வரவில்லை.

இனியும் சொல்லாமலே போயிருப்பேன். ஆனால் நீ எனக்காக ஊவேயோடு சண்டை பிடித்திருக்கிறாய். அது போதாதென்று, உலகத்தில் ஒருவருக்கும் இல்லாத ஒரு குரலைப் பிடிக்கப்போய் உன் பிள்ளை தொண்டையைக் கிழிக்கிறாள். நான் உனக்குச் சொன்ன பொய் அவளிடமும் போய்விட்டது. அவளை அவளுடைய உயரத்தில் பாடச் சொல்லு.

உன்னிடமிருந்து அம்மாவை எடுத்துவிட்டேன் என்று தெரியும். மன்னிக்க ஏலாவிட்டால் அதையும் எழுது. எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே.

சுகத்துக்குக் குறைவில்லை. நெஞ்சு மட்டும் படபடவென்கிறது.

சின்னம்மா ஐவி

*

டோர்ட்முண்ட்
13.07.2025

அன்புள்ள சின்னம்மாவுக்கு,

உங்கள் கடிதம் ஒன்று வழியில் இருக்கிறது என்று நிரோஷினி சொன்னாள். அது வருமுன் இதை எழுதுகிறேன். அதில் என்ன இருக்கும் என்று எனக்குத் தெரியும். நாங்கள் சுகம். பிள்ளைக்குத் தொண்டை ஆறுகிறது.

புது ச-வை வைத்து ஊவே வேகத்தை இறக்கினான். முதல் வரி முடியவில்லை, எனக்குத் தெரிந்துவிட்டது. டச்சுக் குடாக் கரையில் நின்று விளையாடும் என்னை, பொழுதுபட்டதும் சாப்பிட வரச்சொல்லிக் கூப்பிட்ட குரல். முதல் ச ஏன் பிழையாக வந்தது என்பதும் அப்போதே விளங்கியது. எழும்பி வெளியே போனேன். மூன்று நாள் உங்கள்மேல் பொல்லாத கோபம். நாற்பது வருடமாக வெறுங்கூட்டை வைத்துக்கொண்டு இருந்தேனா என்று கோபம். இதை மறைத்து எழுத விருப்பமில்லை.

நாலாம் நாள் ஊவே கூப்பிட்டான். வேகம் மாறியபடியால் நாடாவின் தொடக்கத்திலிருந்து எல்லா வேலையையும் திரும்பச் செய்ய வேண்டியிருந்ததாம். தட்டில் இல்லாத ஒரு பகுதி நாடாவில் இருக்கிறது. மூன்றாம் பாட்டுக்கு ஆர்மோனியம் ஒரு சுற்று வாசிக்கிறது, பாட்டு வரவில்லை. இன்னொரு சுற்று வாசிக்கிறது, அப்போதும் வரவில்லை. அந்த இடத்தில் ஏதோ கீச்சென்று கேட்க, எலியாக்கும் என்று முதல் தடவை அதை வெட்டியிருந்தான். இப்போது இறங்கிய வேகத்தில் போட்டால் அது மனிதக் குரல். அவனுக்குத் தமிழ் தெரியாது, என்ன சொல்லுகிறது என்று கேட்டுச் சொல் என்றான்.

“பாடன் ஐவி” என்கிறது.

பிறகு நீங்கள் பாடுகிறீர்கள்.

சின்னம்மா, அது அம்மாதானே? ஆர்மோனியத்துக்குப் பக்கத்திலிருந்து வருகிறது. இரண்டே சொல். பெரிய குரல் இல்லை, கொஞ்சம் கரகரப்பு. நாற்பது ஐம்பது தடவை கேட்டுவிட்டேன். என்னிடம் இருந்த அம்மா போய்விட்டார் என்று கோபப்பட்டேன். இப்போதுதான் முதல்முறையாக அம்மாவைக் கேட்கிறேன். ஒன்று விளங்கவில்லை. அந்த இரண்டு சொல்லுக்குள்ளும் அவருக்கு மூச்சு வாங்குகிறது. ஓடிவந்தவர் மாதிரி இருக்கிறது. இருந்து வாசிக்கிறவருக்கு ஏன் அப்படி?

அந்தத் துண்டை நிரோஷினிக்கு அனுப்பியிருக்கிறேன், போய்க் கேளுங்கள். இப்படியான பேச்சை மறுபதிப்பில் எடுத்துவிடுவதுதான் வழக்கம் என்கிறான் ஊவே. எடுக்கவா, விடவா? உறையில் என்ன பெயர் போடுவது? இரண்டுக்கும் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும். அதுவரை அச்சு நிற்கும்.

கோபம் தீர்ந்துபோன
மைக்கல்

*

லிங்கநகர்
03.08.2025

மகன் மைக்கலுக்கு,

சுகம், சுகம், சுகம். முழங்காலும் சுகம் என்று எழுதும் அளவுக்குச் சுகம்.

நிரோஷினியின் போனைக் காதில் வைத்துக் கேட்டேன். அம்மாதான். நாற்பது வருடம் ஆயிற்று அவர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு. நிரோஷினி தண்ணீர் எடுத்து வந்தாள், நான் அவளைக் கட்டிப்பிடித்து அழுதேன், அவளும் ஏனென்று தெரியாமலே அழுதாள். எனக்கு அன்று தொடக்கம் வரவில்லை, அது ஞாபகம் இருக்கிறது. அவர் அப்படிச் சொன்னது எனக்கு ஞாபகமே இல்லை. அது நாடாவில் பதிந்திருக்கும் என்று கனவிலும் நினைக்கவில்லை.

எடுக்க வேண்டாம். ஊவேயின் கைக்கு வேலையில்லாவிட்டால் வேறு எதையாவது எடுக்கச் சொல்லு. ஆர்மோனியத்தின் மிதிகட்டை கிறீச்சிடுவதையும் விடச் சொல்லு, அது அம்மாவின் கால்.

பெயர் கேட்டிருந்தாய். என் பெயரைப் போடு. வேண்டாம், எதற்கு என்று எழுதத்தான் கை போனது, அது பொய், இனிப் பொய் எழுத ஏலாது. எனக்கு என் பெயர் வேண்டும். பாடியவர் ஐவி, ஆர்மோனியம் ஜெஸ்மின். எழுத்து கொஞ்சம் பெரிதாக இருக்கட்டும், கண்ணாடி போடாமல் நான் வாசிக்க வேண்டும். படம் அம்மாவுடையதே இருக்கட்டும், அவர்தான் வடிவு.

மூச்சு ஏன் வாங்கியது என்று கேட்டிருந்தாய். உன் பிறந்தநாளை வைத்து நீயே எண்ணிப் பார்த்திருக்கலாம், கணக்கில் நீ எப்போதும் மட்டம். அம்மாவுக்கு அன்று ஐந்து மாதம். இரண்டு வரிக்கு மேல் பாட நீ விடவில்லை. அந்த நாலு பாட்டையும் முதன்முதலில் கேட்டவன் நீதான்.

சின்னம்மா ஐவி